கோட்டுக்கு அனுசரித்துப் போனவர்

பெயின்ட் கம்பெனி விற்பனை அதிகாரிக்குக் கோட்டின் வலது தோள் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்ததும், தையல் மாஸ்டர் கோட்டைத் தொடாமல் அதிகாரியின் தோளில் முக்கால் இஞ்சு வெட்டி எடுத்தார். ரத்தம் வரவில்லை. வலியும் இல்லை, நகம் வெட்டுகிற மாதிரிதான் இருந்தது என்று அதிகாரி அன்று மாலை வீட்டில் சொன்னார். வெட்டிய துண்டை மாஸ்டர் உதறி மடித்து மேசைக்கடியில் கிடந்த சாக்குப் பையில் போட்டார். கடையில் அப்போது வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தன் பேன்ட்டுக்கு ஜிப் மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு, இன்னும் ஆகவில்லை என்றதும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எல்லாம் அதிகாரிக்கு நாற்பத்து நான்கு வயது முடிந்தபோது ஆரம்பித்த வினை. அதுவரை அவர் பெண்டாட்டி எடுத்துக் கொடுத்த சட்டையை, அது கட்டமா கோடா என்றுகூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போனவர். தொப்பை இருந்தது. நடந்தால் இரண்டு கையையும் வீசுவார். பேசினால் மூன்றாவது கை இல்லையே என்று தவிப்பார். சிரித்தால் தெருமுனை மருந்துக்கடைவரை கேட்கும். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸ், அடிபட்டு வருகிறவர்களுக்குத் தையல் போடுகிற பிரிவு. நாள் முழுக்க 'ஐயோ, அம்மா' கேட்டுவிட்டு வருகிற காதுக்கு வீட்டில் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் மருந்து. அவள் அவரைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான். முகத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன் என்று அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஃபோனில் எதையோ பார்த்து, நாற்பதைத் தாண்டிய ஆணுக்குத் தனக்கே தனக்கென்று ஒரு முதிர்ந்த பாணி வேண்டும் என்று தெரிந்துகொண்டார். தனக்கே தனக்கென்ற அந்தப் பாணி, வெள்ளைக்காரர்கள் குளிருக்குப் பயந்து நூறு வருஷத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டதில் இருக்கிறது என்பதையும் அதே ஃபோன்தான் சொன்னது. சட்டையின் கை கோட்டுக்கு வெளியே அரை இஞ்சு தெரிய வேண்டுமாம். ஒரு இஞ்சு தெரிந்தால் மானம் போய்விடுமாம். கோட்டுக்கு உள்ளே போடுகிற வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பட்டனைப் போடவே கூடாதாம். அது ஏன் என்று நர்ஸ் கேட்டாள். ஒரு ராஜா குண்டாக இருந்தார், அவருக்குப் பட்டன் எட்டவில்லை, மரியாதைக்காக எல்லோருமே போடாமல் விட்டுவிட்டார்கள் என்று அவர் விளக்கினார். "உங்களுக்கும்தான் எட்டல. நான் என்னிக்காவது மரியாதை குடுத்தேனா?" என்றாள் நர்ஸ். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

தையல் மாஸ்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையும் வாட்ச்மேன் சட்டையும் தைத்தே காலம் தள்ளியவர். ஆனால் தான் தப்பான தெருவில் கடை போட்டுவிட்டதாகவும், இருக்க வேண்டிய தெரு கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகவும் அவருக்கு ஓர் எண்ணம். அதிகாரி அவரிடம் ஃபோனை நீட்டி ஒரு படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூன்று பீஸ் சூட் போட்ட ஒருவர் ஒரு காருக்குப் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். "அச்சு அசல் இதே மாதிரி வேணும் மாஸ்டர். ஒரு நூல் மாறக் கூடாது" என்றார். தையல்கடைக்குப் படத்தோடு போகாதவர் யார்? எந்த மாஸ்டரும் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆளைத் திருப்பி நிறுத்தி இஞ்சு டேப்பை எடுப்பார். இவர் டேப்பை ஃபோன்மேல் வைத்தார். படத்தில் இருந்தவரின் தோளை அளந்தார், மார்பை அளந்தார், காலை அளந்தார், கணக்குப் போட்டுப் பெரிதாக்கிக்கொண்டார். எதிரில் நின்ற அதிகாரியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு மாசம் கழித்து, வெளிநாட்டுக் கம்பளியில் கோட்டு தயாரானது. படத்தில் இருந்தவருக்கு அது கச்சிதமாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் பிரிச்சு விட முடியாதா மாஸ்டர்?" என்று அதிகாரி ட்ரையல் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மாஸ்டர் காதைப் பொத்திக்கொண்டார். "இந்தத் துணியில ரெண்டாவது தடவ கத்தரி வச்சா என் கை அழுகிப்போயிடும் சார். நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்." கல்யாணமானபோது மாமனார் சொன்னதும் அதுதான், வேலைக்குச் சேர்ந்தபோது மேலதிகாரி சொன்னதும் அதுதான், மேல்மாடிக்காரர் நாய் வளர்க்க ஆரம்பித்தபோது வீட்டுக்காரர் சொன்னதும் அதுதான். பழகிப்போன பேச்சாக இருந்ததால் அதிகாரி நிமிர்ந்து நின்று தோளைக் காட்டினார்.

இரண்டாவது ட்ரையலில் தொப்பை போனது, நீளவாக்கில், பட்டை பட்டையாக. மூன்றாவதில் மோவாய்க்குக் கீழே தொங்கிய சதையும் கன்னமும். கோட்டுக்கை சுருங்குகிறது என்று மாஸ்டர் கைவீச்சை எடுத்தார். தரையில் சம்மணம் போட்டால் பேன்ட் முட்டி வைத்துவிடும் என்று முழங்கால் மடிப்பைப் பாதியாகக் குறைத்தார். யாராவது கூப்பிட்டால் வெடுக்கென்று திரும்புகிற கழுத்து காலரைக் கெடுக்கிறது என்று அதையும் கொஞ்சம் செதுக்கினார். கண்ணோரச் சுருக்கம் மொத்தமும் படத்தில் இல்லாத காரணத்தால் போனது. கடைசியில் மாஸ்டர் நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சிரிச்சா மார்புல கோட்டு தூக்குது சார்" என்றார். சிரிப்பு விலாவுக்கு அடியிலிருந்து ஒரே கட்டியாக வந்தது. பைக்குள் போட்ட பிறகும் குலுங்கிக்கொண்டே இருந்ததால், அடங்கும்வரை மாஸ்டர் அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்தார்.

கம்பெனியில் பதினைந்து வருஷமாக மழையிலும் வெயிலிலும் கடைகடையாக ஏறி பெயின்ட் விற்ற மனுஷனை ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அவர் கூட்ட அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தார். ஆழமாக யோசிக்கிறார் என்று எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவருக்குக் கழுத்து திரும்பாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வருஷமே மண்டல மேலாளர் ஆக்கினார்கள். அவருக்கென்று ஒரு ஸ்டைல் இருக்கிறது என்று முதலாளியே வாய்விட்டுச் சொன்னார். தெருவில் அவருக்குத் துரை என்று பேர் வைத்தார்கள். கேலியாக ஆரம்பித்த பேர், ஒரு மாசத்தில் மரியாதையாக மாறிவிட்டது.

வீட்டில்தான் கொடுமை. மடிப்பு கலையாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டார். வானம் எப்படி இருக்கிறது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. "ஏங்க" என்று நர்ஸ் கூப்பிட்டால் கதவு திறப்பதுபோல முழு உடம்போடு மெதுவாகத் திரும்பி, "சொல்லம்மா" என்றார். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. வேண்டுமென்றே அவள் அந்தக் குண்டு ராஜாவின் கதையைத் திரும்ப எடுத்தாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, அது உண்மைதான் என்றார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். என் சிரிப்பு எனக்கு வேணும், அவ்வளவுதான், பதவியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று குழாயிடம் சொன்னாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நேராகத் தையல்கடைக்குப் போனாள்.

"தச்சது போக மிச்சம் எங்க மாஸ்டர்?"

"மிச்சமெல்லாம் கடைக்குத்தான்மா. எல்லாக் கடையிலயும் அதான் வழக்கம்."

"துணின்னா வச்சுக்குங்க. இது என் புருஷன்."

மாஸ்டருக்கு இதுவரை இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. தலையைச் சொறிந்தார். சார் வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றார். மிச்சம் கேட்பதெல்லாம் சாருக்கு இனிமேல் கௌரவக் குறைச்சல் என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம். கடைசியில் சாக்கை இழுத்து வெளியே வைத்தார். "முழுசா இருக்காது, இப்பவே சொல்லிடுறேன். தொப்பையில ஒரு பட்டைய எடுத்து வக்கீல் சாரோட கோட்டுக்குத் தோள்ல பஞ்சுக்குப் பதிலா வச்சுத் தச்சுட்டேன். அவர் பதினோரு மணிக்கே பசிக்குதுன்னு வழக்கத் தள்ளிவைக்கச் சொல்றாராம்."

"நல்லா இருப்பீங்க நீங்க" என்று நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, சாக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்தாள்.

அன்று பிற்பகல் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, சுத்தமான விரிப்பு போட்டு, ஆஸ்பத்திரி நூலால் தைக்க ஆரம்பித்தாள். லாரியில் அடிபட்டு வந்தவர்களையே சேர்த்துத் தைத்து அனுப்பியவளுக்கு இது பெரிய வேலை இல்லை. வைத்துப் பார்க்கப் படம் எதுவும் தேவைப்படவில்லை. முகத்துக்கு மோவாய்ச் சதையும் கன்னமும் தாராளமாகப் போதும். கண்ணோரச் சுருக்கங்களை இடம் பார்த்து வைத்ததும் நடுவில் கண் தானாகவே வந்தது. சிரிப்பைக் கடைசியாக வைத்து, இஸ்திரி போட்ட மடிப்பை விரலால் நீவிவிட்டு மூடினாள். ஆள் முன்னைவிட ஒரு சாண் குட்டை, இடுப்பில் ஒரு பக்கம் பள்ளம், மற்றபடி பழுதில்லை. மேசையில் எழுந்து உட்கார்ந்து, தன்னைக் குனிந்து பார்த்து, "என்னம்மா இது, மூட்டைய அவுத்துப்போட்ட மாதிரி இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் மருந்துக்கடைக்காரர், ஒரு வருஷம் எங்கே போயிருந்தார் இவர் என்று யோசித்தபடி சில்லறை கொடுத்தார்.

துரை ஆபீஸ் முடிந்து வந்தபோது அரைக்கால் சட்டையும் பனியனுமாக ஒருவர் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துரை நின்று மேலும் கீழும் பார்த்தார். தையல் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை மூலையில் வைத்தார். சண்டை வரும் என்று காத்திருந்த அக்கம்பக்கத்துக்கு ஏமாற்றம்தான். ஒரு வாரத்தில் எல்லாம் தானாகவே பிரிந்து அமைந்துவிட்டது. கம்பெனி, பேங்க், கல்யாண வரவேற்பு, சொந்தக்காரர்கள் முன்னால் போட்டோ ஆகியவை துரைக்கு. கறிகாய் வாங்குவது, கதை பேசுவது, நர்ஸுக்குக் கால் பிடித்துவிடுவது, பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று வம்பு பேசுவது ஆகியவை மற்றவருக்கு. துரைக்கு முன்னறையை ஒதுக்கினார்கள். இதில் யார் அசல் புருஷன் என்று எதிர்வீட்டம்மா வாயைப் பிடுங்கப் பார்த்தாள். "வெளியில போறதுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. உன் புடவைக்கெல்லாம் இந்தக் கேள்விய கேப்பியா நீ?" என்றாள் நர்ஸ்.

எதிர்வீட்டம்மா அன்று ராத்திரி ரொம்ப நேரம் யோசித்திருக்க வேண்டும். அடுத்த மாசமே தன் புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு, ஃபோனில் படத்தோடு மாஸ்டர் கடை வாசலில் நின்றாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பார்த்து அடுத்த தெரு. சில வருஷங்களில் அந்தப் பகுதியில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் சாம்பல் நிறத்தில் ஜன்னலைப் பார்த்தபடி நாலு பேர் நின்றார்கள், எல்லோருக்கும் தனக்கே தனக்கென்று ஒரு பாணி, எல்லாம் ஒரே படம். மாஸ்டர் இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பை கொண்டுவரவும் என்று கடையில் பலகை மாட்டினார். பை கொண்டுவராத வீடுகளும் இருந்தன. அவர்களுக்குத் தங்கள் வீட்டுத் துரை மட்டும் போதுமாக இருந்தது. அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

துரை ஓய்வு பெற்ற வருஷம் கோடை கடுமையாக இருந்தது. போக ஆபீஸ் இல்லாமல் அவர் முன்னறையில் மூன்று பீஸிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளே மற்றவர் ஏதோ கதை சொல்ல, நர்ஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மற்றவர் அவளைவிட அதிகமாகச் சிரித்தார். கொஞ்சம் கழித்து நடையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரை கதவருகே வந்து நின்றார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

நர்ஸ் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். புரிந்தது என்பதுபோலத் தலையை அசைக்கப் பார்த்தார், காலர் இடம் கொடுக்கவில்லை. "மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார். ஆனால் போகவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி டைக்குள் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நர்ஸுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இதுவும் தன் புருஷன்தானே, எது எந்தப் பக்கம் போனது என்று நான் யார் கணக்குப் பார்க்க என்று நினைத்துக்கொண்டாள்.

"வந்து உக்காருங்க. கோட்டக் கழட்டுங்க மொதல்ல, இந்த வேக்காட்டுல."

"கழட்டலாம்" என்றார் துரை. கையை முதல் பட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். "உள்ள என்ன இருக்கும்னு தெரியலயேம்மா."

வெகு காலத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்த வீட்டுப் பேச்சு அது. நர்ஸ் எழுந்து அவரிடம் போனாள். எத்தனையோ காயங்களைப் பதறாமல் பிரித்துப் பார்த்த கை அவளுடையது. அது அந்தப் பட்டன்வரை போய், அதைத் தொட்டு, கீழே இறங்கிவிட்டது.

"சரி, வேணாம். போட்டுக்கிட்டே உக்காருங்க" என்றாள்.

மற்றவர் நகர்ந்து இடம் விட்டார். துரை நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். நர்ஸ் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மற்றவரிடம் அந்தக் கதையை முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.