கரண்ட் போய் வந்த பிறகு

ஹெலினாவுக்கு அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம். பூந்தமல்லியில் ஏறி ஆவடி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மெட்ரோ வேலைக்காக ரோட்டைப் பாதியாக்கி வைத்திருந்ததில், பஸ் நகர்கிறதா நிற்கிறதா என்பது டிரைவருக்கே சந்தேகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவள் இன்ஜினியர். பேர்தான் இன்ஜினியர், எங்கே எது பழுதென்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள்.

ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடப் போனபோது, ரோட்டோரத்துப் பேக்கரி ஒன்றின் விளக்குகள் அணைந்தன. பக்கத்துக் கடையும் அணைந்தது. வரிசையாக ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கின. கரண்ட் போனால் ஊரில் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஹெலினா மட்டும் தூக்கம் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காலையிலிருந்து அவள் கிடந்தது பூந்தமல்லியில், இதே கரண்ட் லைனில் உள்ள சுப்பராயனின் பட்டறையில். அங்கே தகடு வெட்டும் பிரஸ் ஒன்று உண்டு. இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கடியில் இருக்காது, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் போர்டின் பழைய லாஜிக்கில் ஓர் ஓட்டை. ஒரு பொத்தானைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டால், மற்றதை மட்டும் தட்டித் தட்டி வேலை பார்க்கலாம். மிஷினை ஓட்டும் கன்னியப்பன் அப்படித்தான் பார்த்துவந்தார். வலது கை பொத்தானில், இடது கை தகட்டைத் தள்ளிக்கொண்டு அச்சுக்கடியில். ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு பொத்தானையும் விட்டு, மறுபடி சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும் என்று லாஜிக்கை மாற்றத்தான் ஹெலினா போனாள்.

அந்த லாஜிக் குடியிருப்பது தபால்தலை அளவு சிப் ஒன்றில். உள்ளே ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்கள். எந்தக் கட்டம் எதோடு சேர வேண்டும் என்று சொல்வது எஸ்ராம் என்கிற நினைவகம். அது கரண்ட் உள்ள வரைக்கும்தான் எதையும் வைத்திருக்கும். போனால் அத்தனையும் மறந்துவிடும். அதனால் அதே சிப்பின் ஓரத்தில் ஃபிளாஷ் என்று இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். அது மறக்காது. கரண்ட் வந்த கணமே ஃபிளாஷில் இருப்பது எஸ்ராமுக்குப் போய், சிப் கண் விழித்துவிடும்.

திருத்திப் பார்க்கும்போது யாரும் ஃபிளாஷைத் தொட மாட்டார்கள். எஸ்ராமில் மட்டும் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். சரிவந்த பிறகு ஃபிளாஷில் எழுதி, மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். ஹெலினாவுக்கு அது லேசில் சரிவரவில்லை. ஒருவழியாகச் சரிவந்ததும் சுப்பராயன் பிடித்துக்கொண்டார். லோடு வண்டி வாசலில் நிற்கிறது, மெயினையெல்லாம் அணைக்கக் கூடாது, ஓடுகிற மிஷின் ஓடட்டும் என்றார். விட்டால் போதும் என்று அவளும் லேப்டாப்பை மூடினாள். அணைத்துப் பார்க்காததுதான் குறை என்று நினைத்திருந்தாள். ஃபிளாஷில் எழுதவே இல்லை என்பது இந்த ஜெனரேட்டர் சத்தத்தில்தான் உறைத்தது.

ஃபிளாஷே இல்லாத சிப்பாக இருந்தாலாவது கரண்ட் வந்தபின் பிரஸ் மரம்போல நின்றிருக்கும். இது அப்படி நிற்காது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஓட்டை லாஜிக்கோடு உடனே எழுந்துவிடும்.

சுப்பராயனுக்குப் போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. அதற்குள் பேக்கரியில் விளக்கு எரிந்தது. இனி அந்தப் பட்டறை இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. நடுரோட்டில் இறங்கி எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோ பிடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பாதி பயம், பாதி, மறுபடியும் அங்கே போக வேண்டுமே என்ற அலுப்பு. ஒரு மனுஷன் கை போய்விடுமோ என்கிற நேரத்தில் அலுப்பு வருகிறதே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பட்டறை வாசலிலேயே சத்தம் சொல்லிவிட்டது. அவள் கிளம்பும்போது நிறுத்தி நிதானமாக விழுந்துகொண்டிருந்த வெட்டு, இப்போது விடாமல் விழுந்தது. பொத்தானில் டியூப் ஏறியிருந்தது. கன்னியப்பன் உற்சாகமாக இருந்தார்.

"கரண்ட் போய் வந்துச்சா, மிஷினு தானா சரியாயிடுச்சும்மா. நீ ஒண்ணும் நோண்டாத."

அவள் நேரே போய் மோட்டாரை நிறுத்தினாள். சுப்பராயன் ஓடிவந்தார். இந்த லோடு போகட்டும், நாளைக்கு வந்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று குதித்தார். சண்டை போட அவளிடம் தெம்பில்லை.

"எழுதி முடிக்கிற வரைக்கும் மோட்டார் ஓடாது சார். தப்பு என்னோடது. அவர் கை அவரோடது."

தரையில் உட்கார்ந்து ஒயரை மாட்டினாள். கன்னியப்பன் அவள் தலைக்கு மேலே நின்று புலம்பினார். உருப்படி குறைந்தால் அவளையா கேட்கப் போகிறார்கள்? அவரைத்தான் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் உண்டா? அவர் சொன்னதில் பாதி நியாயம் என்று ஹெலினாவுக்குத் தோன்றியது. இந்த முறை ஃபிளாஷில் எழுதினாள். எழுதியது சரிதானா என்று பார்த்தாள். டியூப் அப்படியே இருக்கட்டும், கட்டியிருந்தும் இறங்காவிட்டால்தான் நம்பலாம் என்றாள். மெயினை அணைத்துப் போட்டாள். மோட்டாரை ஓடவிட்டதும் அது மெல்ல வேகம் எடுத்தது.

தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், கோபத்தில் கன்னியப்பன் போய் வலது பொத்தானை ஓங்கித் தட்டினார். அச்சு இறங்கவில்லை. மறுபடி தட்டினார். இறங்கவில்லை.

"பாத்தியா, ஒயுங்கா ஓடினிருந்தத கெடுத்துட்ட" என்று திரும்பியவர், அவள் முகம் வெளுத்திருப்பதைக் கண்டு, அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்தார். அவருடைய இடது கை, தகடே இல்லாத அச்சுக்கடியில், பழக்கதோஷத்தில் நீண்டிருந்தது.

மெதுவாக அதை வெளியே எடுத்தார். வேறு யாருடைய கையோ என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி கிளம்பணும் என்று சுப்பராயன் வாசலிலிருந்து கத்தியது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இன்னொரு தபா ஆஃப் பண்ணிப் போட்டுப் பாத்துடும்மா" என்றார்.