பாலத்தோடு முடிந்த செய்தி

பல்கலைக்கழகத்தின் காலைப் பேருந்தில் அவளுக்கு வானொலி என்று பெயர். வைத்தவர் ஓட்டுநர். அந்தப் பெயரை மட்டும் கேட்டவர்கள், ஓயாமல் தொணதொணக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். வேலை தேர்வுப் பிரிவில். கேள்வித்தாளும் மதிப்பெண்ணும் புழங்கும் இடம் அது. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வதுதான் அங்கே முதல் தகுதி. அந்தத் தகுதி அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. யாராவது நேருக்கு நேர் நின்று "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டால் போதும், கைப்பைக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொள்வாள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். அன்றைக்குத்தான் எல்லோருடைய கைபேசிக்கும் நிர்வாகத்திலிருந்து அந்த மடல் வரும். 'ஆசிரியர், அலுவலர்களுக்கான செய்திகளும் வாய்ப்புகளும்' என்று நீளமாகத் தலைப்பு. முதல் பாதியில் யாருக்கு விருது, யாருக்கு ஓய்வு, எந்தக் கட்டடத்தில் தண்ணீர் வராது என்கிற செய்திகள். இரண்டாம் பாதியில் பயிற்சி, இடமாற்றம், காலிப்பணி. முன்பொரு நாள் விலங்கியல் பேராசிரியர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்து, முன் இருக்கையில் இருந்த அவளிடம் கைபேசியை நீட்டி, கொஞ்சம் படித்துச் சொல்லச் சொன்னார். அவள் படித்தாள். பின்னாலிருந்து யாரோ சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். சத்தமாகப் படித்தாள். அவ்வளவுதான், வாராவாரம் அது அவள் தலையில் விழுந்தது. அவளை நம்பி மற்றவர்கள் யாரும் அந்த மடலைத் திறப்பதுகூட இல்லை.

அவளுக்கும் அது பிடித்திருந்தது. எழுதியிருப்பதைத்தானே படிக்கிறோம், நாமாக எதுவும் பேசவில்லையே என்கிற தைரியம். மற்றவர்கள் இடையிடையே ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார்கள். ஆசிரியர்களுக்கு மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி, வருகை கட்டாயம் என்று படித்தால், கட்டாயம் என்றாலே பாதி அழுத்தம் ஏறிவிடுமே என்பார் ஓட்டுநர். நூலகத்து மேற்கு வாசலுக்கு வர்ணம் பூசுகிறார்கள், சுற்றிப் போகவும் என்று படித்தால், அது போன வருஷத்திலிருந்து காய்ந்துகொண்டே இருக்கிறது என்பார் கணக்குப் பிரிவுக்காரர். விலங்கியல் பேராசிரியர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவார். 'விருது' என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் கண்ணைத் திறப்பார்.

பேருந்து கிளம்பியதும் தொடங்கினால் ஆற்றுப் பாலம் வரும்போது செய்திகள் முடியும். பாலம் தாண்டியதும் வாய்ப்புகள். பல்கலைக்கழக வாயிலில் பேருந்து திரும்பும்போது கடைசி வரி. இது எப்படியோ அளந்து வைத்த மாதிரி அமைந்துபோயிற்று.

பக்கத்து இருக்கை அண்ணியுடையது. அண்ணன் இறந்துபோன பிறகும் அண்ணியும் நாத்தனாருமாக அதே வீட்டில் இருந்தார்கள். தாய்வீட்டுக்குப் போய்விடும்படி அண்ணியிடம் பலரும் சொல்லிப் பார்த்தார்கள். இவளை யார் பார்த்துக்கொள்வது, கடைக்குப் போனால் விலை கேட்கக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறவள் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அண்ணிக்கு வேதியியல் துறையின் பொருளறையில் உதவியாளர் வேலை. மாணவர்களுக்குக் குடுவையும் குழாயும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும்.

நாத்தனார் நெட்டை, அண்ணி குட்டை. வீட்டில் மேல்தட்டில் இருக்கும் எதுவும் அண்ணிக்கு எட்டாது. "ஏணி, இங்க வா" என்று கூப்பிடுவாள். ஆனால் பொருளறையில் ஏணி கிடையாது. கால் ஆடுகிற ஒரு முக்காலி மட்டும்தான். ஒட்டகச்சிவிங்கிக்குக் கட்டின அறை அது என்று அண்ணி தினமும் திட்டுவாள். எனக்கென்று ஓர் அறை கொடுத்தால் எல்லா அலமாரியையும் என் தோள் உயரத்துக்கு வைப்பேன், அப்புறம் நெட்டையெல்லாம் குனியட்டும் என்பாள். பொறுப்பாளர் பதவி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். இரண்டு பேருமே நல்ல உயரம்.

அந்தத் திங்கட்கிழமை செய்திகள் வழக்கம்போல ஓடின. பாலம் தெரிந்தது. வானொலி திரையை மேலே தள்ளினாள். அந்த வாரம் வாய்ப்பு ஒன்றே ஒன்றுதான், ஆனால் நீளமானது. பேருந்தில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும் தூரத்து ஊரில் புது வளாகம் திறக்கிறார்கள். அங்கே வேதியியல் துறைக்குப் புதிதாகப் பொருளறை அமைக்க வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் தேவை. இப்போது உதவியாளராக இருப்பவர்களுக்கே முன்னுரிமை. தங்க வீடு உண்டு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அவள் கண் அந்த வரிகளில் ஒருமுறை ஓடியது. பக்கத்தில் அண்ணி சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்ப்புகளைக் கேட்கத் தயாராக முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"இந்த வாரம் வாய்ப்பு ஒண்ணும் இல்ல," என்றாள் வானொலி.

எழுதியிருப்பதை மட்டுமே படித்து வந்தவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தானாக ஒரு வரி சேர்த்தாள். அதுவும் பொய்.

"என்ன வானொலி, பாலத்துலயே பேட்டரி தீந்துடுச்சா?" என்றார் ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லாமல் பேருந்து வாயில் வரை சும்மா போயிற்று. அந்தக் கொஞ்ச தூரம் அவளுக்கு முடியவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். முக்காலி வழுக்கிவிட்டதாம். குடுவையைக் காப்பாற்றப் போய்க் கையில் அடி. குடுவைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னாள். வீட்டில் வானொலி ஈரத்துணியைச் சுற்றிவிட்டாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாய் வரை வந்தது. அண்ணி தூங்கப் போன பின் கூடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். இந்தச் சுவர்களோடு தனியாக இருக்க வேண்டியதுதான். அண்ணி இல்லாவிட்டால் தன்னை யார் ஏணி என்று கூப்பிடுவார்கள்? காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை தன் குரலைத் தானே கேட்காமல் ஒரு நாள் போய்விடும். அப்புறம் அது பழகியும் போய்விடும். அந்தப் பழகிப்போவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை சாப்பிடும்போது அண்ணி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். துறையில் யாரோ, புது வளாகத்துக்கு ஆள் எடுக்கிறார்களாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் வானொலி. சோறு கையிலேயே நின்றது.

"அப்படி ஒண்ணு இருந்தா எங்க வீட்டு வானொலி படிச்சிருக்குமே, அவ படிக்கலன்னா கிடையாதுன்னு சொன்னேன்." அண்ணி கையைக் கழுவ எழுந்துகொண்டாள். "ஊர்ல ஆயிரம் வதந்தி. எல்லாத்தையும் நம்ப முடியுமா?"

அண்ணி குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அதெல்லாம் வராது. கோபம் வந்தால் பாத்திரம் பேசும், அவள் மனதில் ஒளித்து வைக்கத் தெரியாதவள். நம்பித்தான் சொன்னாள். அதுதான் வானொலிக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை பேருந்து கிளம்பிப் பாலத்தை நெருங்கியபோது வானொலி கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்று படிப்பது வழக்கமில்லை. விலங்கியல் பேராசிரியர் பதறி விழித்து, இன்றைக்குத் திங்களா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

"திங்கக்கிழமை, பாலத்துக்கும் கேட்டுக்கும் நடுவுல படிக்க வேண்டியது ஒண்ணு இருந்துச்சு," என்றாள் அவள். குரல் நடுங்கியது. "நான்தான் படிக்கல. இல்லைன்னு சொன்னேன். இருந்துச்சு."

பிறகு படித்தாள். படிக்கத் தொடங்கியதும் குரல் நேரானது. புது வளாகம், பொருளறை, பொறுப்பாளர், முன்னுரிமை, வீடு, கடைசி நாள். ஒரு சொல் விடவில்லை. கணக்குப் பிரிவுக்காரர்கூட நடுவில் எதுவும் சொல்லவில்லை. பேருந்தில் இருந்த எல்லோருக்கும் அது யாருக்கான வாய்ப்பு என்று தெரிந்துவிட்டது. எல்லோரும் அவரவர் பக்கத்து ஜன்னலைப் பார்த்தார்கள்.

அண்ணி மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். "திருப்பிப் படி," என்றாள்.

வானொலி திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பேருந்து வாயிலில் திரும்பியது. இறங்கும்போது அண்ணி அவளைப் பார்க்காமலேயே சொன்னாள்: "சாப்பாட்டு நேரத்துல பொருளறைக்கு வா. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நீதான் எழுதித் தரணும்."

மதியம் வானொலி போனபோது அண்ணி கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூரை வரை கண்ணாடிக் குடுவைகள். இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து விண்ணப்பத்தை எழுதினார்கள். பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி வரைக்கும் அண்ணி சொல்லச் சொல்ல வானொலி எழுதினாள். அதற்குமேல் அண்ணி சொல்லவில்லை.

"ஏன்டி விட்ட?"

"தெரியல அண்ணி."

"தெரியும். சொல்லு."

வானொலி பேனா மூடியைக் கழற்றி மாட்டினாள். "அந்த வீட்ல தனியா இருக்கப் பயம்."

"அதைச் சொல்ல நாலு நாளா?"

"சொன்னா நீங்க போக மாட்டீங்க."

"ஆமா, போக மாட்டேன்." அண்ணி யோசித்தாள். "அப்ப சொன்னாலும் நான் போக முடியாது, சொல்லலைன்னாலும் போக முடியாது. நல்லாத்தான் இருக்கு உன் கணக்கு. தேர்வுப் பிரிவுல உனக்கு எவன் வேலை குடுத்தான்?"

சிரிப்பதா அழுவதா என்று வானொலிக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

அப்போது ஜன்னலில் ஒரு மாணவி வந்து நின்று, பெரிய குடுவை ஒன்று வேண்டும் என்றாள். அது மேல்தட்டில் இருந்தது. அண்ணி வழக்கம்போல முக்காலியை இழுத்தாள். அடிபட்ட கையை ஊன்றிக்கொண்டு ஏறப் போனாள். வானொலி எழுந்து, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி, குடுவையை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மாணவி கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். வானொலி முக்காலியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"போங்க அண்ணி," என்றாள்.

"நீ?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கும். இருக்கட்டும். நீங்க போங்க."

அண்ணி விண்ணப்பத்தை அவள் பக்கம் நகர்த்தி, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

நேர்காணல் முடிந்து இரண்டு வாரம் எந்தத் தகவலும் இல்லை. மூன்றாவது திங்கட்கிழமை செய்திகளுக்கு நடுவில், ஓய்வு பெறும் தோட்டக்கலை அலுவலருக்கும் பழுதான மின்தூக்கிக்கும் இடையில், அது இருந்தது. புது வளாகப் பொருளறைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவருக்கு வாழ்த்து. வானொலி அண்ணியின் முழுப் பெயரையும் படித்தாள். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை என்பதால் வேறு யாருடைய பெயரோ போலக் கம்பீரமாக இருந்தது. பேருந்தில் கைதட்டல் எழுந்தது. விலங்கியல் பேராசிரியர் விழித்து, விருதா என்று கேட்டார். அதைவிடப் பெரிது என்றார் ஓட்டுநர். அண்ணி மட்டும் அழுதுவிட்டாள். மின்தூக்கியைப் பற்றிய செய்தி அன்றைக்கு யார் காதிலும் விழவில்லை.

அண்ணி கிளம்புவதற்கு முந்தைய நாள் வானொலி மேல்தட்டுகளிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தாள். அண்ணி மூட்டை கட்டினாள். கடைக்காரனிடம் விலை கேட்கப் பழகிக்கொள், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார் என்று ஆயிரம் சொன்னாள். ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் மேலேயே விட்டுவிடச் சொன்னாள். லீவுக்கு வந்தால் ஏணியைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டுமாம்.

அடுத்த திங்கட்கிழமை வானொலி தனியாகப் பேருந்தில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. காலியாக விடச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. அவள் மடலைத் திறக்கும் நேரத்தில் கைபேசி அடித்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையே?" என்றாள் அண்ணி.

"இல்ல. அங்க உங்களுக்கும் வந்திருக்குமே, அதே மடல்தானே?"

"வந்திருக்கு. எனக்கென்ன, நானா படிக்கணும்? நாலு பேர் நடுவுல கேட்டாத்தான் அது செய்தி." அண்ணியின் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. "தச்சர் வேலைய ஆரம்பிச்சுட்டார். என்னைச் சுவரோரமா நிக்க வெச்சு, தோள் உயரத்துல கோடு போட்டுட்டார். நீ இங்க வந்தா எதை எடுக்கணும்னாலும் குனியணும்."

"குனியறேன் அண்ணி."

விலங்கியல் பேராசிரியர் தன் கைபேசியை அவளிடம் நீட்டினார், இதில் பார்த்துப் படி என்று. வானொலி தன்னுடையதை, ஒலியைக் கூட்டி, பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்தாள். படிக்கத் தொடங்கினாள். நூலகத்து மேற்கு வாசலில் மறுபடியும் வர்ணம் என்றதும் கணக்குப் பிரிவுக்காரர் சொன்னதற்கு, இருக்கையிலிருந்து அண்ணி சிரித்தாள். பாலம் வந்தது, போயிற்று. வாய்ப்புகள் அந்த வாரம் நிறைய. வாயில் வந்தும் இரண்டு மீதி இருந்தன.

ஓட்டுநர் உள்ளே திருப்பவில்லை. வாயிலுக்கு வெளியே ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். பின்னால் வந்த கார் ஒலி எழுப்பியது. சுற்றிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். இருக்கையை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. வானொலி அந்த இரண்டையும் நிதானமாக, கடைசித் தேதி வரைக்கும் படித்து முடித்தாள்.