நெஞ்செலும்பில் ஏறிய உப்பு

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் லூர்துராணியின் அப்பா அற்புதசாமி பாலக்கரையிலிருந்த அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. தான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்றுவிட்டு, பொன்மலை ரயில்வே பட்டறை ஃபிட்டர் செபஸ்தியானைக் கட்டிக்கொண்டாளே என்ற கோபம். 1957ஆம் வருஷ ஈஸ்டர் பாஸ்காவுக்குச் சொந்தக்காரர்கள் இருபது பேரை ராணி விருந்துக்கு அழைத்தபோது, தானும் வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்றோடு ராணிக்குத் தூக்கம் போயிற்று.

மனிதர் லேசுப்பட்டவரில்லை. துரைமார் பங்களாவில் முப்பது வருஷம் சமைத்தவர். உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். அவர் கைப்பக்குவத்தையே அவருக்குச் செய்து போடுவதென்று ராணி துணிந்தாள். ஆட்டுக்கறியில் உப்பும் மிளகும் தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் தகர டிரம்முக்குள் தொங்கவிட்டுப் புகை போட வேண்டும். தடித்த தொடை தணலுக்குப் பக்கத்தில் கீழே, கழுத்து நடுவில், மெலிந்த நெஞ்செலும்பு உச்சியில். அப்பாவின் கை முதலில் போவது நெஞ்செலும்புக்குத்தான்.

சனிக்கிழமை காலையில் தேங்காய் மட்டையும் கருவேல விறகும் கனன்று, கறியில் நிறம் ஏறிவிட்ட பிறகு செபஸ்தியான் பெருமையாகச் சொன்னான்.

“நேத்து நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப கறி சும்மாவே இருந்துச்சு. நாந்தான் உப்புத் தடவி வெச்சேன்.”

“ஐயோ, நான் தடவிட்டுத்தானேங்க போனேன்!”

கழுவலாமென்றால் புகை பிடித்துவிட்டது. ருசி பார்க்கலாமென்றால் ஒருசந்தி விரதம். நடுராத்திரிப் பூசை முடியாமல் வீட்டில் யாரும் கறியை வாயில் வைக்கக் கூடாது. ஒரு துண்டை அறுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணுவிடம் ஓடினாள்.

“சனிக்கிழமையும் அதுவுமா கவுச்சியா? நல்லா கேட்டே போ!”

எதிர்வீட்டு ஜஹானாரா சிரித்தேவிட்டாள். “எனக்கு நோன்பு ராணி. பாங்கு சொல்லட்டும், வரேன்.”

தெருவில் இத்தனை வாய் இருந்தும் ஒரு துண்டு கறியை மெல்ல நாதியில்லை. ராணி பகல் முழுக்க டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செபஸ்தியான் பேசவே பயந்து, கேட்காமலே விறகு வெட்டிப்போட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் ஜஹானாரா பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்துவிட்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு எடுத்து நிதானமாக மென்றாள்.

“தொடை அருமையா இருக்கு. கழுத்தும் பரவாயில்ல. நெஞ்செலும்புதான் வாயில வைக்க முடியல. மெல்லிசுல்ல, அத்தனை உப்பையும் குடிச்சிருக்கு. அதை உள்ளேயே வெச்சிடு.”

ராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பந்தியில் அற்புதசாமி முதல் ஆளாக உட்கார்ந்தார். செபஸ்தியான் பரிமாறினான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தொடைக்கறியைப் புரட்டிப் பார்த்தார், தின்றார், கறிச் சட்டியை எட்டிப் பார்த்தார்.

“இந்த ஆட்டுக்கு நெஞ்செலும்பே இல்லையா?”

ராணி புருஷனைப் பார்த்தாள். செபஸ்தியான்தான் முன்னால் வந்தான்.

“இருக்குதுங்க மாமா. ராணி உப்புப் போட்டது தெரியாம நானும் போட்டுட்டேன். கரிக்குது. தப்பு என்னோடது, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவர் முதன்முறையாக அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“எடுத்துட்டு வாங்க.”

இரண்டு எலும்பை இலையில் வைத்தான். தட்டைத் தள்ளியே பழகிய மனிதர், ஒரு நார் விடாமல் கடித்துத் தின்றார். முகம் கோணவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது.

“தண்ணி கொடும்மா.”

அந்த ‘அம்மா’வைக் கேட்டு நாலு வருஷமாயிற்று. ராணி கொடுத்தாள். குடித்தார். மறுபடி கேட்டார். மூன்று டம்ளர் காலியானது. பிறகு இலையைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

“மாப்ளே, இன்னொண்ணு வைங்க.”

நாலாவது டம்ளருக்குப் பதில் ராணி பானையிலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டுவந்து அப்பாவின் இலையோரம் வைத்தாள்.