கரையம்மாவும் குருபிரசாத்தின் காலும்

மந்தைவெளியில் எங்கள் எதிர்வீட்டுக் குருபிரசாத், கார் நிறுத்தும் இடத்தைத் தொல்சின்னக் காட்சியகமாக மாற்றிச் சில வருஷங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து அவருடைய கார் என் வாசலில்தான் நிற்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதில்லை.

உள்ளே மூக்குடைந்த நந்தி, பாதித் தூண், கல் சிலுவை என்று ஒரு கூட்டம். எல்லாவற்றையும் "மீட்டெடுத்தேன்" என்பார். யாரிடமிருந்து என்று கேட்டால், காபி ஆறுகிறது என்பார். சிலுவை தங்கள் கல்லறைத் தோட்டத்தது என்று சாந்தோம் ஃப்ளோரா டீச்சர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். இரண்டு முறையும் காபியோடு திரும்பினார்.

பாஞ்சாலிக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை. அடையாற்றங்கரையில் அவள் குடியிருந்த தெருவின் குடிசைகளை இடித்த சமயம், அவர்கள் தெருமுனையில் இருந்த முழங்கால் உயரக் கல்லை குருபிரசாத் ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். அவர்களுக்கு அது கரையம்மா. இவர் வைத்த அட்டையில், 'பெண் உருவம். காலம் தெரியவில்லை. தொடாதீர்கள்.'

பாஞ்சாலி இப்போது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில், குடிசை இழந்தவர்களுக்கு அரசு கொடுத்த அடுக்குமாடியில், ஏழாவது மாடியில் இருக்கிறாள். மகள் நிலாவுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையைக் கரையம்மா காலடியில் வைக்காமல் அந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் பத்திரிகை கொடுத்ததில்லை. ஆகவே பிரிக்காத பத்திரிகைக் கட்டு பஸ்ஸில் அவளோடு வருவதும் போவதுமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு வெச்சிட்டுப் போய்டறேன் சாரே."

"இதோ பாரும்மா, வெச்சா சாமின்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆயிடும். இது கலைப்பொருள். குப்பையில கிடந்தது."

"குப்பையா? அன்னிக்கு எங்க வூடே அப்டிதான் நைனா கெடந்துச்சி. அத்தயும் தூக்கியாந்து இங்க வெச்சிக்கினியா?"

கறிவேப்பிலை கேட்கப் போயிருந்த நான் சிரித்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் கறிவேப்பிலை கிடையாது.

கடைசியில் இரு தரப்பும் ஒரு நடுவருக்கு ஒப்புக்கொண்டன: ஓய்வுபெற்ற தொல்லியல் அதிகாரி ஹபீபுர் ரஹ்மான். சாமியாக இருந்தால் கல் பெரும்பாக்கம் போகும், சிற்பமாக இருந்தால் இங்கேயே இருக்கும் என்பது பேச்சு. அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். யாராவது சாட்சி வேண்டுமல்லவா?

குருபிரசாத் பட்டு வேட்டியில் ஜொலித்தார். எல்லாவற்றையும் சுற்றிக் காட்டும்போது பாதித் தூணில் கால் இடித்துக்கொண்டு, "சனியன், எங்க வெச்சாலும் வழியிலேயே நிக்கறது!" என்று திட்டிவிட்டு நடந்தார்.

"பின்பக்கம் பார்க்கணுமே" என்றார் ரஹ்மான். கரையம்மாவை மேடையிலிருந்து தரையில் இறக்கினார்கள். குருபிரசாத் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"சார், மடிப்பு பாருங்கோ, இடுப்பு வளைவு பாருங்கோ. சுத்தமான சிற்பம். இதுல பக்தி, பூஜை எதுவும் கிடையாது. வெறும் அழகு!"

அந்த அழகை முழுசாக ரசிக்க ஓரடி பின்னால் போனவர், சுற்றி வந்து ஓரடி முன்னால் வைத்தார். வலது கால் பெருவிரல் கரையம்மாவின் பாதத்தில் பட்டது.

மனிதர் யோசிக்கவே இல்லை. சட்டென்று குனிந்தார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டு, "தெரியாம பட்டுடுத்தும்மா, மன்னிச்சுக்கோ" என்றார்.



"இன்னா சாரே," என்றாள் பாஞ்சாலி, "யாராண்ட பேசிக்கினு கீறே?"

"பழக்கதோஷம்! கால் பட்டா எதையும் தொட்டு ஒத்திக்கறதுதான்!"

ரஹ்மான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்தத் தூணை சனியன்னு திட்டினீங்களே, சார்" என்றார்.

குருபிரசாத் தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உதவி தேடி உள்ளே பார்த்தார். கதவருகே நின்ற அவர் மனைவி வைதேகி, "ஏன்னா, மாட்டிண்டுட்டேளே" என்றாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தின் மொத்த திருப்தியும் அந்தக் குரலில் இருந்தது.

பாஞ்சாலி பத்திரிகைக் கட்டைப் பிரித்தாள். மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைக் கரையம்மா காலடியில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும் இரண்டாவதை எடுத்துக் குருபிரசாத்திடம் நீட்டினாள். "குடும்பத்தோட வந்துடணும் சாரே. அம்மாவ இத்தினி நாள் நெழல்ல வெச்சிக்கினு இருந்தியே."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கல்லை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றியதும், மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லித் தெருக்கோடி வரை கூடவே போனார். சும்மா சொல்லக்கூடாது, கண் கலங்கித்தான் இருந்தது.

காலியான மேடையில் வைதேகி மிக்சியை வைத்திருக்கிறாள். 'காலம் தெரியவில்லை' அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மிக்சியைப் பொறுத்தவரை அதுவும் நிஜம்தான்.

விஷயம் கேள்விப்பட்டு நேற்று ஃப்ளோரா டீச்சர் மூன்றாவது முறையாக வந்தார். இந்தத் தடவை காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிலுவைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குருபிரசாத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குருபிரசாத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, காலை அளந்து அளந்து வைத்து நடந்தார்.