கழிவுக் கூடை

பாப்பாயி சுற்றிக் கொடுத்த பீடிக் கட்டுகளைப் பிரித்து, முதலாளி வெள்ளைச்சாமி ஒரு பிடி அள்ளிப் பக்கத்துக் கூடையில் போட்டான். பார்த்துப் போட்டான் என்று சொல்ல முடியாது. அவன் கண் தெருவில் இருந்தது. கை அதன் பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்தது. இலை ஓட்டை, தூள் தளர்வு என்று ஏதாவது காரணம் சொல்வான், சொல்லாமலும் கழிப்பான். கழித்ததற்குக் கூலி கிடையாது. கழித்தது குப்பைக்கும் போகாது. ஏகாதசிக் கூட்டத்துக்கு ஸ்ரீரங்கத்துக் கடைகளில் அதே லேபிளோடு அடுக்கியிருக்கும் என்பது, அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்து உறையூரில் குழந்தைக்கும் தெரியும். மனுஷன் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்துவான். அம்மனும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கூடை நிறைந்த அன்று பாப்பாயி வீட்டில் உலை ஏறாது. புருஷன் அடைக்கலம் மார்க்கெட்டில் மூட்டை சரிந்து இடுப்பு முறிந்து பாயோடு கிடந்தான். மகள் வள்ளிக்கண்ணு நீராகாரத்தைக் குடித்துவிட்டு, சோறு எப்போது என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் பாப்பாயிக்குப் பொறுக்கவில்லை. பாலக்கரையில் நசுருதீன் கம்பெனிக்குப் பீடி சுற்றும் நாத்தனார் ராக்கம்மாள் வீட்டிலோ இரண்டு வேளையும் சோறு. நசுருதீன் ஒன்றும் கர்ணப் பிரபு அல்ல. கூலி ஊரில் உள்ள கூலிதான். கழித்த பீடியைச் சுற்றியவள் கண்ணெதிரே ஒடித்துப் போட வேண்டும் என்று ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒடித்ததை விற்க முடியாது. அதனால் நல்ல பீடியைக் கழிக்க அங்கே யாருக்கும் கை வரவில்லை. மற்ற முதலாளிகள் ஆள் விட்டு அவர் கடையில் கல்லெறிந்தார்கள். அவருடைய கணக்குப்பிள்ளையின் மண்டையை உடைத்தார்கள். மறுநாளும் அவர் ஒடித்துத்தான் போட்டார். பாப்பாயி அங்கே போய்க் கேட்டுப் பார்த்தாள். இடம் காலியில்லை என்றார்கள்.

இன்றைக்கு அவள் கூடையைப் பார்த்தபடி நின்றாள். போகவில்லை.

"ஒடிச்சுப் போட்டுடுங்க" என்றாள்.

"எத?"

"கழிச்சதத்தான். குப்பைக்குத்தானே போகுது? என் கண்ணு முன்னால ஒடிச்சுப் போடுங்க."

வெள்ளைச்சாமி சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவள் கூடைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முறித்துவிட்டாள். தூள் அவன் வேட்டியில் சிந்தியது. முதல் அறையில் அவள் சுவரில் போய் மோதினாள். கொண்டையைப் பிடித்து வாசல்வரை இழுத்தான், வயிற்றில் மிதித்தான். அப்போதும் அவள் கை முறித்த பீடிகளை விடவில்லை. அந்த வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். அவள் அலறினாள். மறுபடியும் சாத்தினான். பீடி சுற்றுகிறவளுக்குக் கை போனால் எல்லாம் போச்சு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சாத்தினான், பாவி.

உள்ளே சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் மடியில் முறத்தோடு அப்படியே இருந்தார்கள். முதலில் எழுந்தவள் இருளாயி. யார் என்ன பேசினாலும் பொழுது சாய்வதற்குள் வெள்ளைச்சாமி காதில் போடுகிறவள். அதற்காகவே அவள் பீடி அதிகம் கழிவதில்லை. பாப்பாயியைத் திட்டத்தான் எழுந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். இருளாயி தன் முறத்திலிருந்த நல்ல கட்டு ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து முறித்து, அவன் காலடியில் போட்டாள்.

"இந்தா, இதையும் கழிச்சுக்க" என்றாள்.

அது அவளுடைய அன்றைய கூலி. பக்கத்திலிருந்தவளும் தன் முறத்திலிருந்து ஒரு கட்டு எடுத்தாள். பிறகு எல்லா முறங்களிலும் சடசடவென்று சத்தம் கேட்டது. வெள்ளைச்சாமி மூலையிலிருந்த சவுக்குக் கட்டையை எடுத்து வீசினான். இருளாயியின் நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, அவள் தரையில் தடவி அடுத்த பீடிக் கட்டைத் தேடினாள். யாரும் முறிப்பதை நிறுத்தவில்லை. அவன் அடித்த அடியில் முறங்கள் பறந்தன. கட்டுகள் வாசல்வரை உருண்டன.

ஒன்று பாப்பாயியின் முகத்தருகே வந்து நின்றது. நசுங்கிய கை எழவில்லை. இடது கையால் அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய், நூலோடு சேர்த்துப் பல்லால் கடித்து முறித்தாள்.