வரிசையில் நிற்காதவர்

இறந்தவரின் தலைமாட்டில் மாலையை வைத்துவிட்டு அதிகாரி இரண்டடி பின்வாங்கி நின்றார். முகத்தில் முகமூடி. கூட வந்த எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, புது டிரைவருக்கும் ஒன்று. அதைப் பார்த்ததும் இறந்தவரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரே மிஷின் வைத்த காசநோய்ப் பரிசோதனை வேனை வருடக்கணக்கில் ஓட்டிய அவள் கணவருக்கு இதில் ஒன்றைக் கொடுக்க அன்றைக்கு யாருக்கும் மனம் வரவில்லை.

கல் உடைக்கும் இடம், ஜெயில், கூலியாட்கள் நெருக்கிப் படுக்கும் கொட்டகை என்று நோய் அதிகமுள்ள இடமெல்லாம் அந்த வேன் போனது. நடக்க முடியாதவர்களை அவர்தான் தாங்கிப் பிடித்து ஏற்றுவார். பயந்து ஒளிந்தவர்களைக் கேலி பேசியே இழுத்து வருவார். "நெஞ்ச நிமித்தி நில்லுய்யா, பொண்ணு வீட்டுக்கு அனுப்புற போட்டோ" என்பாராம். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட எத்தனையோ பேர் மருந்து சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? இவர் இருமியபோது மட்டும் டீசல் புகை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நோயைச் சொன்னபோது நுரையீரலில் மிச்சமே இல்லை.

அதிகாரி தாழ்ந்த குரலில் ஆறுதல் சொன்னார். வீட்டிலுள்ளவர்களுக்கும் சோதனை செய்துவிடலாம், அடுத்த மாதம் இந்தப் பக்கம் முகாம் இருக்கிறது என்றார். சுவரோரம் சுருண்டிருந்த மகள் இருமினாள். சில வாரமாகவே இருமுகிறாள். அழுது தொண்டை கட்டியிருக்கும் என்றார்கள் வந்தவர்கள்.

மகளைப் பார்த்த அவள் எழுந்து நேராகத் தெருவுக்குப் போய், அவர்கள் வந்த வேனின் கதவைத் திறந்து சாவியை உருவிக்கொண்டாள். பதறிப்போய் எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

"ஏன் சார் அவருக்கு ஒரு தடவகூட எடுத்துப் பாக்கல?"

"லிஸ்ட்ல டிரைவர் வரலம்மா. ஆபத்து அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான்..."

"அவங்களக் கட்டிப் புடிச்சு ஏத்துனவருக்கு ஆபத்து இல்லயா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அதிகாரிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மிஷின் வாசல்லயே நிக்குது. எம்பொண்ணுக்கு இப்பவே எடுங்க. அப்புறம்தான் அவரு இந்த வீட்ட விட்டுக் கெளம்புவாரு."

கொழுந்தன் அவள் கையைப் பிடித்தான். "அண்ணி, எல்லாரும் காத்திருக்காங்க."

"இருக்கட்டும். உங்க அண்ணனும் காத்துட்டுதான இருந்தாரு."

அதிகாரி விதிமுறை எதையோ சொல்ல ஆரம்பித்தார். எக்ஸ்ரே பெண் குறுக்கே பேசினாள். "சார், எனக்கும் இதுவரைக்கும் எடுத்ததில்ல."



அந்தப் பெண் சாவியைக் கேட்டு வாங்கினாள். மகள் முதலில் ஏறினாள். அடுத்துக் கொழுந்தன் நின்றான், அவனுக்குப் பின்னால் புது டிரைவர். கூப்பிடாமலே உறவுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று பார்த்தார். பிறகு, படத்தில் விழாமலிருக்கச் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார்.

வீட்டுக்குள் அவள் கணவர் மட்டும் இருந்தார்.