வெட்டச் சொன்ன பத்தி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, பெரியவள் மேலே படிக்கும் யோசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குப் போனாள். தினமும் கிளம்புமுன் அப்பாவின் எதிரே உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன் பிடித்து, உதட்டைக் குவித்தும் விரித்தும் காட்டுவாள்.

"ஆ சொல்லுங்கப்பா. ம் சொல்லுங்கப்பா."

பக்கத்து அறையில் பள்ளிப் பாடம் படிக்கும் சின்னவள், சத்தம் தாங்காமல் கதவைப் படாரென்று சாத்துவாள். மாதக்கணக்கில் அப்பாவின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஒருநாள் அவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, "போதும்" என்றார். பாடம் போதுமாம்! திட்டு வாங்கிய சந்தோஷத்தில் பெரியவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், படித்தால் பேச்சுப் பயிற்சிதான் என்று. சின்னவள் பள்ளி முடித்த வருஷம் இருவரும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்தார்கள். சின்னவளுக்கு மனநலப் படிப்பு. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். பெரியவள் அப்பாவைப் பற்றி எழுதினாள். சின்னவளுக்குத்தான் எழுத்து கைவந்த கலை. "கொஞ்சம் பார்த்துக் கொடுடி" என்று நீட்டினாள்.

சின்னவள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துப் படித்துக்கொண்டே, அப்பாவும் கண்ணாடியும் வரும் நடுப் பத்தியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டாள்.

"அக்கா, இதை வெட்டிடு. எல்லாரும் ஆஸ்பத்திரி, நோய்னுதான் எழுதுவாங்க. படிக்கிறவங்களுக்கு அலுத்துப் போயிருக்கும்."

"நடந்தது அதுதானேடி?"

"நடந்ததெல்லாம் கட்டுரை ஆயிடுமா? பரிதாபம் தேடுற மாதிரி இருக்கு. உன் கடையைப் பத்தி எழுது, புதுசா இருக்கும்."

பெரியவள் கடையைப் பற்றி எழுதினாள். சின்னவள் பிழை திருத்தி, முதல் வரியை மாற்றி, "இப்பதான் உன் குரல் கேக்குது" என்று பாராட்டியும் விட்டாள்.

சின்னவளுக்கு இடம் கிடைத்தது. பெரியவளுக்கு வருந்துகிறோம் என்று வந்தது. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு போய்த் தங்கைக்கு ஒரு நல்ல பை வாங்கி வந்தாள்.

கல்லூரி திறந்த அன்று பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அப்பா, அம்மா, பெரியவள் மூவரும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பேராசிரியை, "இந்த வருஷம் எங்களை உலுக்கிய கட்டுரை" என்று சொல்லி, சின்னவளின் பெயரை வாசித்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

'தினமும் காலையில் நான் என் அப்பாவின் எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்.'

வார்த்தைக்கு வார்த்தை பெரியவள் எழுதியது. "போதும்" வந்த இடத்தில் அரங்கமே சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி, "அது... நீ... தானே?" என்றார். பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வராந்தாவில் சின்னவளைப் பிடித்தாள்.

"வெட்டச் சொன்னியேடி. அலுத்துப் போயிருக்கும்னு சொன்னியே."

"ரெண்டு பேரும் ஒரே கதையை அனுப்ப முடியுமாக்கா? எனக்கு எழுத வேற எதுவுமே நடக்கலை."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்டே."

அது உண்மைதானா என்று பெரியவளுக்கே தெரியவில்லை. அதற்குள் அம்மா வந்து நடுவில் நின்றாள்.

"இப்ப போய் எதையும் கிளப்பாதே. ஒருத்தியாவது உள்ளே போயிட்டா. அவ எழுதினது எனக்கு அப்பவே தெரியும். சொன்னா நீ ஆடிப்போயிடுவேன்னுதான் சொல்லலை."

தங்கை செய்தது ஒரு பக்கம் என்றால், அம்மா சொன்ன 'அப்பவே' இன்னொரு பக்கம். சமையலறையில் அம்மாவோடு சேர்ந்து நின்ற அத்தனை நாளும், அந்தப் பையை வாங்கி வந்த நாளும், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பெரியவள் பேராசிரியையைத் தேடிப் போகவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அம்மா பின்னால் வந்தாள்.

சின்னவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். "அப்பா மாத்திரை போட்டாரா?" என்பாள். "போட்டார்" என்பாள் பெரியவள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை.